பாசி டீச்சரின் பத்துப் பைகள்

அழுக்கைப் பார்த்து "அடடா, என்ன அழகு!" என்று சொன்ன மனுஷி இந்தப் பூவுலகத்தில் ஒருவர்தான் உண்டு. திருநள்ளாற்றில் நான் மேனேஜராக இருந்த லாட்ஜில், பதினோராம் நம்பர் அறையில் அவர் ஒன்றரை வருடம் தங்கியிருந்தார். சொந்தப் பெயர் ரிஜிஸ்டரில் இருந்தது. ஆனால் ஊருக்கு அவர் பாசி டீச்சர்தான். தபால்காரர்கூட உறையில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டு, "இது யாருங்க, நம்ம பாசி டீச்சருங்களா?" என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் கொடுப்பார்.

திருநள்ளாற்று லாட்ஜில் யாரும் ஒன்றரை வருடம் தங்க மாட்டார்கள். ஒன்றரை நாள் தங்கினாலே அதிகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவார்கள். சனிக்கிழமை காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, கட்டியிருந்த துணியை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு, புதுத் துணி கட்டி, சாமி பார்த்து, மதியத்துக்குள் பஸ் ஏறிவிடுவார்கள். சனியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் அல்லவா, திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்கள் போட்டுவிட்டுப் போனதை உள்ளூர்க்காரன் கையால் தொட மாட்டான், கம்பால்தான் தள்ளுவான். தொட்டால், போட்டவரை விட்டுப்போன சனி தொட்டவரைப் பிடித்துக்கொள்ளும். வெள்ளைக்காரன் போட்ட சட்டமெல்லாம் மாறிவிட்டது, இது மட்டும் மாறவில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு மார்கழி மாதம், கையில் ஒரு தகரப் பெட்டியும் இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் வாளியுமாக டீச்சர் வந்து இறங்கினார். தலத்தெருப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருந்திருக்கிறார். குளியலறை வாளியில் அவர் பாசி வளர்க்க, அதில் தம்பி மனைவி தெரியாமல் தலைக்கு ஊற்றிக்கொள்ள, குடும்பத்தில் பிளவு. வாளியும் டீச்சரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"மாடியில காத்தோட்டமா ஒரு ரூம் இருக்குங்க டீச்சர்," என்றேன்.

"காத்து யாருக்கு வேணும் தம்பி? ஜன்னலத் தொறந்தா குளம் தெரியணும்."

பதினோராம் நம்பர் ஜன்னலைத் திறந்தால் குளம்தான் தெரியும். கோயில் குளம் இல்லை. எங்கள் முதலாளி குடும்பத்துக்குச் சொந்தமான சின்னக் குளம். கூட்டத்துக்குப் பயந்தவர்கள் இங்கேயே முழுகிவிடுவார்கள். படிக்கட்டு ஓரமாக ஒரு இரும்புக் குழாய்க் கைப்பிடி. தண்ணீரில் எண்ணெய் பாக்கெட், ஷாம்பு பாக்கெட், தண்ணீர் பாட்டில், கேரி பேக், நடுநடுவே கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். வேறு யாராவது அந்த ஜன்னலைத் திறந்தால் உடனே மூடிவிட்டு அறையை மாற்றித் தரச் சொல்வார்கள். டீச்சர் திறந்து பார்த்துவிட்டு எனக்கு நன்றி சொன்னார்.

மறுநாள் காலை குளத்தங்கரையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பழைய எண்ணெய் பாக்கெட். எடுத்தது கையால்! நான் இரண்டு படி பின்வாங்கினேன்.

"தொட்டுப் பாருங்க தம்பி."

ஒரு விரல் நுனியால் தொட்டேன். "வழவழன்னு இருக்குங்க."

"அதான்! குடி வந்துட்டாங்க!"

"யாருங்க?"

"ஒங்க லாட்ஜ் மாதிரிதான் இதுவும். கவர் தண்ணியில விழுந்த அன்னைக்கே மொத ஆளு வந்துடுவாரு. கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா. பசை மாதிரி ஒண்ணக் கக்கிட்டு ஒட்டிக்குவாரு. அந்தப் பசையில அடுத்தவரு ஒட்டுவாரு. அப்புறம் பாசி வரும், பூஞ்சக்காளான் வரும், வந்தவங்களப் புடிச்சுத் திங்கிறதுக்குன்னே இன்னும் சில பேரு வருவாங்க. கொஞ்ச நாள்ல ஹவுஸ்ஃபுல்."

"சாப்பாட்டுக்கு என்னங்க பண்ணுவாங்க?" லாட்ஜ்காரன் கேள்வி வேறு எப்படி இருக்கும்?

டீச்சர் என் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "அதுதாங்க தம்பி என் கேள்வி! தண்ணியில வர்றதத் தின்னுக்கிட்டு சும்மா குந்தியிருக்காங்களா, இல்ல தங்குற ரூமையே கொஞ்சங்கொஞ்சமா திங்கிறாங்களா?"

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது சின்ன வயது ஆசை. வீட்டில் கடமை, பள்ளிக்கூடத்தில் தேர்வுத்தாள் என்று காலம் போய்விட்டது. ஓய்வு பெற்றதும் ஊர் ஊராகப் பேராசிரியர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் மட்டும் பதில் போட்டார். நான்கைந்து வகை பிளாஸ்டிக்கை ஒரே குளத்தில், ஒரே நாளில் இறக்கி, ஒரு முழு வருடம் தொடாமல் வைத்திருந்து, வகைக்கு இரண்டாகக் கொண்டுவந்தால் தன்னுடைய பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்க்கலாம் என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தை டீச்சர் நனையாமல் பாதுகாத்து வைத்திருந்தார், லேமினேட் செய்து, அதுவும் பிளாஸ்டிக்கில்.

லாட்ஜில் அவர் செய்த அட்டகாசத்துக்கு வேறு யாராக இருந்தாலும் முதல் வாரமே காலி செய்யச் சொல்லியிருப்பேன். வாளியில் "தேய்க்காதீர்கள், வளர்கிறது" என்று எழுதி ஒட்டினார். மொட்டைமாடித் தொட்டியைக் கழுவ ஆள் வந்தபோது, வழித்த வழுவழுப்பையெல்லாம் டிபன் பாக்ஸில் வாங்கிக்கொண்டார். ஒருமுறை குளத்துப் பாசியை ஊறுகாய் பாட்டிலில் போட்டு மெஸ் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார். பரிமாறுகிறவர் அதைப் புதினாச் சட்னி என்று எண்ணி இலைக்குக் கொண்டுபோய்விட்டார். நான் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் சேலத்துக்காரர் ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு மட்டும் கம்மி" என்றார். டீச்சருக்கு அவர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

தை மாதம் இரண்டாம் சனிக்கிழமை பைகளை இறக்கினார். மொத்தம் பத்து. கொசுவலைத் துணியை வெட்டி, காரைக்கால் துறைமுகப் பக்கம் வாங்கிய தங்கூசி நரம்பால், அதாவது தூண்டில் போடுகிற நைலான் நரம்பால், தானே தைத்தவை. ஒவ்வொரு தையல் முடிவிலும் மூன்று முடிச்சு. எண்ணெய் பாக்கெட் துண்டு இரண்டு பையில், ஷாம்பு பாக்கெட் இரண்டில், தண்ணீர் பாட்டில் துண்டு இரண்டில், கேரி பேக் இரண்டில். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் கண்ணாடித் துண்டு இரண்டில். பைக்கு ஒரு கயிறு, கயிற்றின் தலைப்பில் நம்பர் பொறித்த தகர வில்லை. கயிறு கறுப்பு. ஏன் கறுப்பு என்றால், எங்கள் தெருவில் பூஜைச் சாமான் கடை வைத்திருந்த பக்கிரியிடம் கறுப்பைத் தவிர வேறு நிறம் கிடையாது. சனீஸ்வரன் ஊரில் மஞ்சள் கயிறு யாருக்கு விற்கும்?

இப்போது நீங்களே யோசித்துப் பாருங்கள். திருநள்ளாறு, சனிக்கிழமை காலை. ஒரு அம்மாள் குளத்துப் படிக்கட்டில் குந்தி, கறுப்புக் கயிற்றில் மூட்டை கட்டி, உதட்டை அசைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தண்ணீரில் இறக்குகிறார். அவர் எண்ணிக்கொண்டிருந்தார். பக்கத்துப் படியில் முழுகி எழுந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும்?

"ஏனுங்கம்மா, இது என்ன பரிகாரமுங்க?" என்று கேட்டார் குடும்பத் தலைவர்.

"பரிகாரமெல்லாம் இல்லீங்க. பிளாஸ்டிக்கு. கிருமி வந்து புடிச்சிக்குதான்னு பாக்குறேன்."

"எத்தன நாளைக்குங்க?"

"ஒரு வருஷம். யாரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது."

குடும்பத் தலைவர் மனைவியைப் பார்த்தார். "ஏழரை வருசத்துக்கு ஒரு வருசம்னா தேவலையே," என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் டீச்சரின் பைகளுக்குப் பக்கத்தில் அவர்களுடைய எண்ணெய் பாக்கெட், மாப்பிள்ளையின் கைக்குட்டையில் கட்டப்பட்டுத் தொங்கியது.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மூட்டை. அதற்கடுத்த வாரம் முப்பது. மாசி முடிவதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் வீடியோ எடுத்து, "பலரும் அறியாத குளத்துப் பரிகாரம்" என்று போட்டுவிட்டார். பக்கிரி சும்மா இருப்பாரா? கொசுவலைப் பை, கறுப்புக் கயிறு, உள்ளே ஒரு காலி எண்ணெய் பாக்கெட் என்று செட்டாகவே கட்டி வைத்துவிட்டார். தகர வில்லையையும் விடவில்லை. டீச்சர் நம்பர் போட்ட இடத்தில் இவர் வாங்குகிறவரின் ஜென்ம நட்சத்திரம் போட்டார்.

டீச்சர் முதலில் கத்திப் பார்த்தார். பிறகு விளக்கிப் பார்த்தார். சனிக்கிழமை தோறும் படிக்கட்டில் நின்றுகொண்டு, பாக்டீரியா எப்படி ஒட்டும், பாசி எப்படிப் படரும், வெயில் பட்டு இற்றுப்போன பிளாஸ்டிக்கில்தான் கிருமி கொஞ்சமாவது வாய் வைக்க முடியும், அதற்கும் வருடக் கணக்காகும் என்று பாடம் எடுத்தார். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் விளக்க விளக்கப் பக்தி வளர்ந்தது. ஒரு திருச்சி அம்மாள், "கண்ணுக்குத் தெரியாம இருந்து கரைக்கிறாருன்னு சொல்றீங்களே, அவரத்தானேம்மா நாங்களும் கும்புடுறோம்" என்று டீச்சர் காலிலேயே விழுந்தார்.

"என்னங்க தம்பி இது?" என்று என்னிடம் வந்து புலம்பினார் டீச்சர்.

"மொத மூட்டையக் கட்டினது நீங்கதானுங்களே," என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கைப்பிடிக் குழாயில் இடம் போதவில்லை என்று வந்தவர்கள் பழைய கயிறுகளை அவிழ்த்துத் தள்ளித் தள்ளிக் கட்டினார்கள். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி, கயிறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. வில்லைகள் மேல் பாசி ஏறி, எது நம்பர் எது நட்சத்திரம் என்று தெரியாமல் போயிற்று. டீச்சரின் பத்துப் பைகள் அந்தக் கும்பலில் எங்கேயோ இருந்தன. "இருக்கட்டும், வருஷம் முடிஞ்சதும் தேடிக்கலாம்," என்றார். ஆனால் அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று மெஸ்ஸில் சொன்னார்கள். எனக்கும் அது உறுத்தியது.

வருடம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது முதலாளி வந்து சேர்ந்தார். அவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். அங்கே குளிர் தாங்காமல் இங்கே வருவார், இங்கே வெயில் தாங்காமல் அங்கே போவார், இரண்டு இடத்திலும் குறை சொல்வார். காரை விட்டு இறங்கினார், குளத்தைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"நோன், நோன், நோன்! மேனேஜர், என்ன இது, என் குளமா குப்பத்தொட்டியா? புதன்கிழமை காலையில எட்டு மணிக்கு மிஷின் வருது. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துடணும்."

டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஐயா, சனிக்கிழமை வந்தா ஒரு வருஷம் ஆயிடும். ஒரே ஒரு வாரம் பொறுங்க."

"மதாம், அடுத்த வாரம் சொந்தக்காரங்க பாரிஸ்லேர்ந்து வர்றாங்க. இத நான் அவங்களுக்குக் காட்டணுமா? ஒங்களுது எதுவோ அத எடுத்துக்கங்க. புதன்கிழமை எட்டு மணி. மெர்சி."

டீச்சர் மனத்தைத் தேற்றிக்கொண்டார். மூன்று நாள் குறைந்தால் கிருமி கோபித்துக்கொள்ளாது என்றார். அன்றே பைகளைத் தேட இறங்கியவர், மூன்றாவது படியில் கால் வழுக்கி உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. நான் தூக்கும்போது வலியில் முகம் கோணியிருந்தது. ஆனாலும் படியைத் திரும்பிப் பார்த்து, "எவ்வளவு நல்லா வளந்திருக்கு பாருங்க!" என்றார். காரைக்காலுக்கு அழைத்துக்கொண்டு போய் மாவுக்கட்டுப் போட்டு வந்தோம்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு நான் குளத்தங்கரைக்குப் போனபோது டீச்சர் படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பத்து எவர்சில்வர் டப்பாக்கள், பாதியளவு குளத்துத் தண்ணீரோடு வரிசையாக இருந்தன. மாவுக்கட்டு நனையாமல் இருக்க, கையை ஒரு ஜவுளிக்கடை கேரி பேக்குக்குள் விட்டு ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். நான் வருவதற்கு முன்பிருந்தே பக்கிரியைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒங்களுக்காக உசுரக்கூடக் குடுப்பேன்," என்றார் பக்கிரி. "இதத் தொட மட்டும் சொல்லாதீங்க. எனக்குக் கண்டகச் சனி நடக்குது."

"நீ வித்த மூட்டைதானே பக்கிரி?"

"விக்கிறதுக்குத் தோஷம் கெடையாதுங்க."

மிஷின்காரரும் சீக்கிரமே வந்துவிட்டார். கூலி தருகிறோம், இறங்கி எடுத்துக் கொடுங்கள் என்று அவரிடமும் கேட்டுப் பார்த்தோம். "மிஷினுக்குச் சனி புடிக்காதுங்க," என்றார் சீட்டில் இருந்தபடியே. "எனக்குப் புடிக்கும். நான் கீழ எறங்க மாட்டேன்."

வீடியோ வந்ததிலிருந்து சனிக்கிழமை என்று பார்க்காமல் எல்லா நாளும் கூட்டம்தான்; இதற்குள் முழுக வந்தவர்கள் ஐம்பது பேர் படிக்கட்டில் கூடிவிட்டார்கள். டீச்சர் யாரையும் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருந்த முதல் படியில் கால் வைத்தார்.

"டீச்சர், மேல ஏறுங்க. இன்னொரு கையும் போயிடும்."

"எட்டு மணிக்கு வழிச்சிடுவாங்க தம்பி." குரலில் வழக்கமான முழக்கம் இல்லை. "முப்பது வருஷம் போர்டுல வட்டம் போட்டு, இதுதான் செல்லு, இன்னொருத்தர் பாத்துச் சொன்னதுன்னு பாடம் நடத்தினேன். ஒரு தடவையாவது நானா பாத்த ஒண்ண நாலு பேருக்குச் சொல்லணும்னு இருந்துச்சு. வேற ஒண்ணுமில்ல."

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் தைரியசாலி இல்லை. அப்போது எனக்கு ஏழரையில் நடுப்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் வேறு சொல்லியிருந்தார். லாட்ஜில் யாராவது மறந்துவிட்டுப் போன துண்டைக்கூட நான் கம்பால்தான் எடுப்பேன். ஆனால் அந்தப் பத்து டப்பாவையும், கேரி பேக் கட்டிய அந்தக் கையையும் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை. செல்போனைப் பக்கிரி கையில் கொடுத்துவிட்டுப் பேன்ட் சட்டையோடு இறங்கிவிட்டேன்.

"வேணாம்டா தம்பி, நீ எறங்காத!" என்று பதறினார் டீச்சர். "ஒனக்கு நேரம் சரியில்ல!"

ஒரு வருடமாக என்னை "நீங்க" என்று மட்டுமே சொன்னவர். சனியாவது கினியாவது என்று ஊரையே கேலி செய்தவர். அந்த இரண்டையும் ஒரே மூச்சில் விட்டுவிட்டார். அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கொஞ்சம் ஆழத்துக்குப் போகலாம் என்று தோன்றியது.

தை மாதத்துத் தண்ணீர், மார் வரைக்கும் சில்லென்றிருந்தது. கண்ணுக்கு எல்லா மூட்டையும் ஒன்றுபோலத்தான் இருந்தன, பச்சையும் பழுப்புமாக, கொழகொழவென்று. விரலால் தடவி, தங்கூசி நரம்பின் மூன்று முடிச்சு அகப்படுகிறதா என்று பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை. முதல் மூட்டையைத் தொட்டேன். கரையில் ஐம்பது பேரும் "ஐயோ!" என்றார்கள். இரண்டாவதைத் தொட்டேன். "அது எங்க மாமாவோடதுங்க, வுட்டுடுங்க!" என்று ஒரு பெண் அலறினார். "அவரே எடுத்துக்கிறேங்கிறாரு, ஒனக்கென்ன?" என்று அவர் கணவர் அதட்டினார்.

இருபது மூட்டை தொட்டும் எனக்கு எதுவும் ஆகவில்லை. ஜனங்களின் பார்வை மாறிவிட்டது. அடுத்தவர் சனியையெல்லாம் வாங்கிக்கொள்ள வந்த மகான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "சாமி, அந்த ஓரத்துல இருக்கு பாருங்க, பூராடம், அதையும் தொட்டுடுங்க," என்று ஒரு குரல். "எங்களது சதயம் சாமி!" என்று இன்னொன்று. பக்கிரி ஒரு விநாடியும் வீணாக்காமல், "வரிசையா வாங்க, தள்ளாதீங்க," என்று கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆரம்பித்துவிட்டார். யாரோ என் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். கழற்ற நேரமில்லாமல் மாலையோடேயே தேடினேன்.

முதல் பை அகப்பட்டபோது நான் கத்திய கத்தலில் கரையில் இருந்த கொக்கு பறந்துவிட்டது. டீச்சர் இடது கையால் அதை வாங்கி, பச்சைக் குழந்தையை இறக்குவதுபோல் டப்பாவில் இறக்கினார். இரண்டு, மூன்று, ஆறு. எட்டு மணிக்கு முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்து நின்றபோது ஒன்பது பைகள் டப்பாவுக்குள் இருந்தன.

"மேனேஜர், இது என்ன வேஷம்? ஏறு மேல. மிஷின ஓட்டச் சொல்லு."

"ஐயா, இன்னும் ஒண்ணுதான் பாக்கி," என்றார் டீச்சர். "பாட்டில் துண்டுல ஒண்ணு வரல. வகைக்கு ரெண்டு வேணும். ஒத்தையா கொண்டுபோனா, ஏதோ தற்செயலுன்னு தள்ளிடுவாங்க. அந்த பாட்டில்லதான் எனக்கு நம்பிக்கையே."

"நோன். எட்டு மணின்னா எட்டு மணி."

மிஷின்காரர் சாவியைத் திருப்பினார். உறுமியது. டீச்சரைப் பார்த்தார், மாலையோடு நிற்கும் என்னைப் பார்த்தார், சாவியை மறுபடி திருப்பி அணைத்தார். "இன்ஜின் சூடாயிடுச்சுங்க. ஆறணும், அரை மணி ஆவும்," என்றார். ஓடாத இன்ஜின் எப்படிச் சூடாகும் என்று முதலாளி பிரெஞ்சிலும் தமிழிலும் கேட்டார். மிஷின்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டு, இந்த மாடல் அப்படித்தான் என்றார்.

அந்த அரை மணியில் எத்தனை நட்சத்திரங்களைத் தடவினேன் என்று எனக்கே தெரியாது. விரல் மரத்துப்போய், முடிச்சு எது, பாசி எது என்று தெரியாமல் இரண்டு முறை ஏமாந்தேன். கடைசியில் கைப்பிடியின் கோடியில், ஒரு கைக்குட்டை மூட்டைக்கு அடியில் அது சிக்கிக் கிடந்தது. எல்லோருக்கும் முன்னால் வந்த கோயம்புத்தூர் மாப்பிள்ளையின் கைக்குட்டை. தடவினேன். ஒன்று, இரண்டு, மூன்று முடிச்சு. கரையில் கைதட்டல். எதற்கு என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. டீச்சர் கைதட்டவில்லை. புடவைத் தலைப்பால் என் தலையைத் துவட்டிவிட்டார்.

அன்று மத்தியானம், வகைக்கு ஒன்றாக ஐந்தைப் பக்கிரி கடைத் தராசிலேயே எடை போட்டோம். இறக்கும்போது குறித்து வைத்த எடையைவிட ஐந்துமே அதிகம்.

"டீச்சர், இவங்க பிளாஸ்டிக்கத் திங்கல," என்றார் பக்கிரி. "வெளிய எங்கயோ தின்னுட்டு இங்க வந்து படுத்துருக்காங்க."

டீச்சர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எடை, மேலே குடியிருப்பவர்களுடையது. வழித்துக் கழுவினால்தான் அடியில் என்ன நடந்தது என்று தெரியும். அதற்குப் பெரிய மைக்ராஸ்கோப் வேண்டும். அறையைக் காலி செய்யாமலே, டப்பாக்களை மடியிலும் காலடியிலும் வைத்துக்கொண்டு மறுநாளே பேராசிரியர் ஊருக்குப் பஸ் ஏறினார்.

முதலாளி குளத்தைத் துப்புரவாக வழித்துவிட்டு, "இங்கே மூட்டை கட்டக் கூடாது" என்று இரண்டு மொழியில் போர்டு வைத்தார். அடுத்த சனிக்கிழமை ஜனங்கள் அந்தப் போர்டிலேயே மூட்டையைக் கட்டிவிட்டுப் போனார்கள்.

பங்குனியில் ஒரு காலை எனக்குப் போன் வந்தது. "தம்பி! பாத்தேன்டா!" என்று கத்தினார் டீச்சர். பாட்டில் துண்டு இரண்டிலும் ஊசி முனையைவிடச் சின்னதாகக் குழிகள். சில குழிகளில் கிருமிகள் படுத்திருந்தனவாம். கேரி பேக்கில் ஒன்றுமே இல்லை. குழிக்கு வெயிலும் காரணமாக இருக்கலாம், கிருமியைத் தனியாகப் பிரித்து வளர்த்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். இந்த வேகத்தில் குளத்துக் குப்பை கரைய வேண்டுமென்றால் சனி பகவானே பல சுற்று சுற்றி வர வேண்டும் என்பதையும் டீச்சர் மறைக்கவில்லை.

"பெரும்பாலும் சும்மாதான் குந்தியிருக்காங்க. ஆனா கொஞ்சம் கொறிக்கிற மாதிரியும் தெரியுது. நானே பாத்தேன், என் கண்ணால."

"இவ்வளவு மெதுவாங்க?" என்றேன்.

"அவசரம் நமக்குத்தான். அதுங்களுக்கு என்ன அவசரம்?"

அந்தக் கிருமிகளைப் பிரித்து வளர்க்கிற வேலைக்கு ஆய்வுக்கூடத்தில் அவருக்கும் ஒரு மேஜை தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். சம்பளம் கிடையாது. டீச்சர் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை.

குளத்தை விட்டு நான் ஏறிய அன்றே பக்கிரி என்னைத் தனியாக அழைத்து எச்சரித்திருந்தார். "எப்புடியும் எரநூறு குடும்பத்துச் சனி ஒங்க மேல ஏறியிருக்கு. ஒரு வருஷத்துக்கு சூதானமா இருங்க." எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். வண்டியை மெதுவாக ஓட்டினேன், கடலுக்குப் போகவில்லை, புது வேலை எதையும் தொடங்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. சளிகூடப் பிடிக்கவில்லை. வருடம் முடிந்ததும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கெட்டது என்று சொல்ல எனக்கு ஒன்றே ஒன்றுதான் நடந்திருந்தது. ஆனி மாதம் பாசி டீச்சர் பதினோராம் நம்பர் அறையைக் காலி செய்துவிட்டுப் போனார்.